பதினொன்று நாற்பதுக்கு யார் போன் செய்தது

நான் ஏறி இறங்கிய மின்கம்பங்கள் அத்தனையின் மேலும் சத்தியம், என் இரண்டு கண்ணின் மேலும் சத்தியம், இதோ வலது தொடையில் ஓட்டை போட்டு நெஞ்சு வரைக்கும் ஓட்டிவிட்டிருக்கிறார்களே வயர்கள், அவற்றின் மேலும் சத்தியம், இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய் கிடையாது. குருவையா பேச்சென்றால் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். இன்றைக்குத் தள்ளக் கூடாது. தள்ளினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். வரட்டும், வர வேண்டும் என்றுதானே இந்த ஐஸ் பெட்டி அறையில் மல்லாக்கப் படுக்கப்போட்டு, அசையாதே அசையாதே என்று ஒன்றரை மணி நேரமாகக் கட்டிவைத்த மாதிரி வைத்திருக்கிறார்கள். கோபம் இல்லை, படபடப்பு வர வேண்டுமாம். திடீரென்று நெஞ்சு நூற்றுத் தொண்ணூறுக்குப் பாயுமே, கழுத்து நரம்பு துள்ளுமே, கண் இருட்டிக்கொண்டு வருமே, அது. டாக்டர் ஹேமலதா நேற்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். "ஐயா, மேல் அறையிலேருந்து கீழ் அறைக்குக் கரண்ட் போக எல்லாருக்கும் ஒரு லைன்தான். உங்களுக்குப் பக்கத்துலயே இன்னொரு லைன் கூடுதலா இருக்கு. கரண்ட் இதுல இறங்கி அதுல ஏறி, சுத்திச் சுத்தி வருது. அந்தக் கூடுதல் லைனைச் சூடு வச்சு அணைச்சிட்டா முடிஞ்சுது." எனக்கா சொல்கிறாய் தாயே, முப்பத்தாறு வருஷம் லைன்மேன் வேலை பார்த்தவனுக்கு. திருட்டுக் கொக்கி போட்டிருக்கிறான், பிடுங்கி எறி, அவ்வளவுதானே என்றேன். அவ்வளவுதான் என்றார். ஆனால் பிடுங்குவதற்கு முன்னால் கொக்கி எங்கே இருக்கிறதென்று தெரிய வேண்டும், தெரிவதற்கு அந்தப் படபடப்பு இவர்கள் கண் முன்னால் ஒரு தடவை வர வேண்டும். வரவில்லை. முப்பத்தொரு வருஷமாக யாரும் அழைக்காமல் வந்த சனியன், முடி வெட்டும் நாற்காலியில் வந்தது, கல்யாணப் பந்தியில் அப்பளத்தை நொறுக்கும்போது வந்தது, ரேஷன் கடை வரிசையில் வந்து என்னை மண்ணெண்ணெய்க் கேனோடு கீழே தள்ளியது, இன்றைக்கு ஆறு பேர் முகமூடி போட்டுக்கொண்டு வா வா என்று வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைக்கிறார்கள், வர மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க டிரிப் ஆகித் தொலைத்த லைன், திங்கட்கிழமை எங்கள் என்ஜினியர், அந்த ஏ.இ., ஜீப்பை விட்டு இறங்கினதும் நல்ல பிள்ளையாக எரியுமே, அப்படி. என்ன குருவையா, ஃபால்ட் ஃபால்ட்டுன்னே, எங்கேய்யா ஃபால்ட் என்று அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கடித்தேன். "ஐயா, பல்லைக் கடிக்காதீங்க, கிராஃப் ஆடுது" என்கிறது ஒலிபெருக்கி.

அந்த ஒலிபெருக்கிக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் ஜெபஸ்டின் என்று ஒரு பையல், மீசை முளைத்தும் முளைக்காமலும், ஏழு திரையை முன்னால் வைத்துக்கொண்டு என் நெஞ்சைச் சினிமா பார்க்கிற மாதிரி பார்க்கிறான். அவன்தான் அங்கிருந்து கரண்டைத் தட்டிவிடுகிறான். தட்டும்போது உள்ளே யாரோ விரலால் சுண்டுகிற மாதிரி இருக்கிறது, டக் டக் டக் டக், பிறகு ஒரு அவசர டக், உடனே நெஞ்சு ஒரு நொடி நின்று யோசித்துவிட்டு, போடா என்று தன் பாட்டுக்குப் போகிறது. "வரலை மேடம்." "இன்னொரு பத்து குறைச்சுக் குடு." டக் டக் டக் டக் டக். "வரலை மேடம்." வரலை, வரலை, என்னமோ நான் அதை மடியில் ஒளித்துவைத்திருக்கிற மாதிரி. காலையில் ஆறு மணிக்கு ஒருத்தன் வந்து கவட்டியைச் சிரைத்துவிட்டுப் போனான், எழுபத்து மூன்று வயதில் எனக்கு இது. ஐயா சூப்பர், ஐயா வெரி குட் என்று தொட்டில் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி ஒரு சிஸ்டர் பேசுகிறாள், மூத்திரம் போனதற்குக் கூட வெரி குட். முழுசாக மயக்க மருந்தும் கிடையாது, மயக்கினால் அதுவும் மயங்கிவிடுமாம். தொடையை மட்டும் மரக்கவைத்துவிட்டு என்னை விழிக்கவிட்டுவிட்டார்கள். விழித்துக்கொண்டு என்ன செய்ய. கூரையில் ஒரு தகடு மட்டும் ஒழுங்காகப் பொருந்தாமல் தொங்குகிறது, எவன் பார்த்த வேலையோ, நானாக இருந்தால் ஏறி நாலு திருகில் சரிசெய்துவிடுவேன். கதவுக்கு வெளியே பெஞ்சில் ஆவுடைத்தாய் உட்கார்ந்திருப்பாள், மடியில் பையை வைத்து, பையின் மேல் இரண்டு கையையும் வைத்து, எதிரே இருக்கிற சுவரைப் பார்த்துக்கொண்டு. நாற்பத்தாறு வருஷமாக என் பெண்டாட்டி. நான் சொன்ன கதைகளுக்கெல்லாம் சிரித்திருக்கிறாள். மலைப்பாம்பு ஒன்று இரண்டு கம்பியின் மேலும் குறுக்கே படுத்துக்கொண்டு, அதன் உடம்பு பாதிக் கரண்டைக் குடித்துவிட, ஊருக்கே மூன்று நாள் மங்கல் வெளிச்சம் வந்த கதைக்கு அவள் சிரித்த சிரிப்பில் குழம்புக் கரண்டியைக் கீழே போட்டிருக்கிறாள். மலைப்பாம்பு பொய், எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். ஆனால் என் ஆயுசில் நான் சொன்ன ஒரே ஒரு உண்மைக்கு அவள் சிரிக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. மாற்றல் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு வாங்க என்றாள். அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷம், நான் நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வரவில்லை. இந்த மேசையில் நான் செத்துப்போனால் கூட, நம்பாமலேயே அழுவாள். அதை நினைத்தால் எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இந்த நெஞ்சு நூற்றுத் தொண்ணூறென்ன, முந்நூறு அடிக்க வேண்டாமா. அடிக்கவில்லை. எழுபத்தெட்டு என்கிறான் ஜெபஸ்டின்.

தொண்ணூற்று மூன்று, ஆடி மாதம், காற்று ஆளைத் தள்ளுகிற காற்று. பருத்திக் காட்டுக்கு நடுவே ஒரு கம்பத்தில் பீங்கான் விரிசல், மாற்ற வேண்டும். காலையில் சப்ஸ்டேஷனுக்குப் போய் நானே எல்.சி. வாங்கினேன், அதாவது இந்த லைனில் ஆள் ஏறப்போகிறான், நான் வந்து முடிந்தது என்று சொல்கிறவரை கரண்டை விடாதே என்று எழுதி வாங்குகிற சீட்டு. வாங்கினவன்தான் திருப்பித் தர வேண்டும், அவன் அப்பன் வந்தாலும் தரக் கூடாது. கையெழுத்துப் போட்டேன். ஆபரேட்டர் லிங்கத்துரை சுவிட்ச் கைப்பிடியில் ஒரு சிவப்புப் பலகையை மாட்டினான், ஆள் வேலை செய்கிறார், தொடாதே. அன்றைக்கு அதே லைனில் நாலு மைல் தள்ளி மரம் வெட்ட இன்னொரு கேங், அவர்களும் ஒரு எல்.சி. வாங்கினார்கள், அவர்களுக்கும் ஒரு பலகை. இரண்டு சீட்டு, இரண்டு பலகை, ஒரே கைப்பிடி. பதினொன்று நாற்பதுக்கு மற்றக் கேங்கிலிருந்து போன், வேலை முடிந்தது என்று. லிங்கத்துரை தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு எழுந்தவன் ஒரு பலகையைக் கழற்றினானா, இரண்டையும் கழற்றினான். கழற்றிவிட்டுக் கைப்பிடியை மேலே தள்ளினான். எங்கள் கம்பத்தின் மேலே மிக்கேல். என்னைவிட எட்டு வயது சின்னவன், கம்பம் ஏறினால் ஓணான் மாதிரி ஏறுவான். வலது கை முழங்கை வரை போனது. ஆள் பிழைத்தான், கை பிழைக்கவில்லை. தவறிக் கரண்ட் வந்தாலும் மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த் கம்பி போட்டாயா என்று கேட்பீர்கள், தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஆபீஸில் இருந்ததே ஒரு எர்த் ராடு, அதை மரம் வெட்டப் போனவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இப்போது ரிஜிஸ்டரைப் பார்த்தால், இரண்டு எல்.சி.க்கும் எதிரே பதினொன்று நாற்பது, போனில் திரும்பப் பெறப்பட்டது என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்து எங்கே? போனுக்குக் கையெழுத்து ஏது என்றான் லிங்கத்துரை, குருவையாதான் பேசினான், குரல் எனக்குத் தெரியாதா என்றான் விசாரணையில், ஐயோ பாவம் போல முகத்தை வைத்துக்கொண்டு. நான் கம்பத்தடியில் நின்றேன் ஐயா, கம்பத்தடியில் போன் ஏது என்றேன். கம்பத்தடியில். விசாரணைக்கு வந்த அதிகாரி பேனா மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, "நீதானேய்யா அந்த மலைப்பாம்பு?" என்று கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு முதன்முதலாக வந்தது அன்றைக்குத்தான், அந்தச் சிரிப்புக்கு நடுவில், நெஞ்சுக்குள் குதிரை அவிழ்ந்துகொண்ட மாதிரி. மலைக்கு மாற்றல் போட்டார்கள், பஸ் நாளைக்கு ஒரு தடவைதான் வருகிற ஊருக்கு. மிக்கேல் எட்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரையில் போனான். சாகிறவரை வந்து என் வீட்டில் உட்கார்ந்து இடது கையால் காப்பி குடித்துக்கொண்டு, குருவண்ணே ஒரு கதை சொல்லு என்பான். ஒரு நாளாவது கேட்டானா, நீ போன் பண்ணினாயா அண்ணே என்று? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காமல் சிரித்துவிட்டுப் போனான் பாவி. அவன் நம்பினானா, நம்பாமல் மன்னித்தானா, மன்னிப்புத்தான் என்றால் அது எனக்கு எதற்கு, செய்யாத தப்புக்கு எவன் கேட்டான் மன்னிப்பு. நான் கம்பத்தடியில்தான் நின்றேன். கம்பத்தடியில். இந்த இடத்துக்கு வந்தால் மட்டும் நினைப்பு ஏன் செருப்பில் ஆணி குத்தின மாதிரி நொண்டுகிறது.

ஒரு மருந்து ஏற்றினார்கள், நெஞ்சைத் தூண்டிவிடுகிற மருந்தாம். உள்ளங்கை வேர்த்தது, காது சுட்டது, மாடிப்படி ஓடி ஏறின மாதிரி அடித்தது, நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து, ஆனால் இது அது இல்லை, இது வேலைக்குப் போகிற அடி, அது வெறி பிடித்த அடி, எனக்குத் தெரியாதா. டக் டக் டக் டக் டக். "வரலை மேடம்." டாக்டர் ஹேமலதா தலைமாட்டில் வந்து நின்றார், முகமூடிக்கு மேலே இரண்டு கண். "ஐயா, இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம். வரலைன்னா வயரை எடுத்துடலாம். கண்ணை மூடிக்கிட்டுச் சுடக் கூடாது, பக்கத்துலயே மெயின் லைன் இருக்கு, அது பட்டுட்டா ஆயுசுக்கும் பேஸ்மேக்கர்தான்." எடுத்துவிட்டு? எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாமாம். ஆம்புலன்ஸில் எடுத்த கிராஃப் ஒன்று இருக்கிறதாம், அதனால் நம்புகிறார்களாம். பாருங்கள், என் நெஞ்சு அடிக்கிறதென்று சொல்ல எனக்குச் சாட்சி ஒரு முழ நீளக் காகிதம். "எப்பெப்ப வரும்னு நீங்களே ஏழு காரணம் சொன்னீங்க. குனிஞ்சா, பூரி சாப்பிட்டா, கொட்டாவி விட்டா... ஏழையும் பார்க்க முடியாது இங்க" என்று சிரித்தார். பிறகு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போனார். ஜெபஸ்டின் மைக்கை அணைக்க மறந்துவிட்டான். அதனால்தான் எனக்குக் கேட்டது, இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. கதவு திறக்கிற சத்தம், செருப்பைக் கழற்றச் சொல்கிற சத்தம், பிறகு பை சுவரில் உரசுகிற சத்தம், எனக்குத் தெரிந்த பை. "அம்மா, இவருக்கு எப்ப வரும்னு நீங்க சொல்லுங்க. குனிஞ்சா வருமா?" "அதெல்லாம் பொய்யி டாக்டரம்மா. கோவம் வந்தா வரும்." "எதுக்குக் கோவம் வரும்?" "எல்லாத்துக்கும் வரும். உப்புக்கு வரும், நியூஸ் வாசிக்கிற பிள்ளைக்கு வரும். அதெல்லாம் வாய்க் கோவம், உள்ள போகாது. நெஞ்சுக்குள்ள போற கோவம் ஒண்ணே ஒண்ணுதான்." "அதைக் கொஞ்சம் அவர்கிட்ட பேச முடியுமா? இதுல பேசினா அவருக்குக் கேட்கும்." அவள் மூச்சு ஒலிபெருக்கியில் பெரிதாக வந்தது. என் பெண்டாட்டியை மைக் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள், திருவிழாவில் காணாமல் போன பிள்ளையை அறிவிக்க நிறுத்துவது போல.

"ஏங்க. நான்தான்." தெரியுது, என்ன என்றேன் கூரையைப் பார்த்து. "ஒண்ணு சொல்லணும். முப்பத்தொரு வருசமாச் சொல்லல." சொல்லித் தொலை. "அன்னைக்கு லிங்கத்துரைக்குப் போன் போட்டது நீங்கதான். எனக்கு அந்த வாரமே தெரியும்." நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது, அப்புறம் சிஸ்டர் சொன்னாள், ஆஸ்பத்திரியில் சொல்லக் கூடாத வார்த்தைகள் நாலு சொன்னேனாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், உள்ளே ஒரு பெரிய அடி, பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு பள்ளம், பிறகு பள்ளத்திலிருந்து பாய்ந்தது. கழுத்து துள்ளியது, பல் கிட்டியது, கூரைத் தகடு இரண்டானது. அடிப்பாவி. அடி பாதகத்தி. தெரியுமா, அந்த வாரமே தெரியுமா, தெரிந்துகொண்டா எனக்கு வெந்நீர் வைத்தாய், தெரிந்துகொண்டா மலைக்கு மூட்டை கட்டினாய், எவனோ ஒரு சோம்பேறி தூக்குச்சட்டிக்கும் கைப்பிடிக்கும் நடுவில் செய்த தப்பை என் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டு, அந்தத் தலைக்கு வாராவாரம் எண்ணெய் தேய்த்தாயா. "வந்திருச்சு மேடம்! நூத்தித் தொண்ணூத்தி நாலு!" ஜெபஸ்டின் கத்தினான், யாரோ கை தட்டினார்கள், சத்தியமாகக் கை தட்டினார்கள், நான் சாகப் போகிறேன், இவர்கள் கை தட்டுகிறார்கள். "ஐயா, அசையாதீங்க, அப்படியே, சூப்பர், அப்படியே இருங்க." எப்படி அப்படியே இருப்பது, எழுந்து போய் அந்தக் கண்ணாடியை உடைக்கத் தோன்றுகிறவனைப் பார்த்து அப்படியே இரு என்றால். அளந்தார்கள், குறித்தார்கள், இங்க பாரு, இதுல இறங்கி இதுல ஏறுது, டெக்ஸ்ட்புக் என்று அந்த அம்மா மகிழ்ச்சியாகச் சொன்னார். என் முப்பத்தொரு வருஷம் அவர்களுக்கு டெக்ஸ்ட்புக். பிறகு இரண்டு சுண்டு சுண்டி நிறுத்தினார்கள், மரக்கிளையில் வண்டி முட்டி நிற்கிற மாதிரி நின்றது. அப்புறம் சுட்டார்கள். நெஞ்சுக்குழிக்குப் பின்னால் ஒரு சூடு, மிளகாய் விதை அளவு சூடு, பல்லுக்கும் தாடைக்கும் ஏறியது. "வலிக்குதா ஐயா?" வலித்தது, அது அங்கே இல்லை. அறுபது நொடி, நிறுத்தினார்கள், இன்னொரு அறுபது நொடி.

அரை மணி நேரம் கழித்துச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம், கொக்கியை உண்மையிலேயே பிடுங்கியாயிற்றா என்று. மறுபடியும் மருந்து, மறுபடியும் டக் டக் டக் டக் டக். "வரலை மேடம்" என்றான் ஜெபஸ்டின், இந்தத் தடவை வரலை என்பது சந்தோஷச் செய்தி. டாக்டரம்மாவுக்குத் திருப்தியில்லை. "அம்மா, இன்னொரு தடவை பேசுங்க. அதே மாதிரி." என்னை யாரும் கேட்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள் போல, பெஞ்சுக்குப் போகவில்லை. "ஏங்க." நான் கூரைத் தகட்டைப் பார்த்தேன். "போன் போட்டது நீங்கதான். நீங்க போட்ட போன்தான் மிக்கேல் கையத் தின்னுச்சு." கேட்டேன். முழுசாகக் கேட்டேன். கோபம் வந்தது, முன்னைவிட அதிகமாக வந்தது, உள்ளங்கால் வரை வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, கை கட்டை விரலை மடக்கிக்கொண்டு முஷ்டியானது. நெஞ்சு மட்டும் பாயவில்லை. அது தன் பாட்டுக்கு, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றாறு, பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்டுக்கொண்டு அரிசி புடைக்கிறவளைப் போல அடித்துக்கொண்டிருந்தது. இது என்ன அநியாயம். என் கோபத்தை என் நெஞ்சே கண்டுகொள்ளவில்லை. கோபம் வந்து நிற்கிற இடத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். "சக்ஸஸ் ஐயா!" என்று ஆறு முகமூடியும் குனிந்து பார்த்தன. போங்கடா என்றேன். சிரித்தார்கள்.

இப்போது வார்டு. ஆறு மணி நேரம் வலது காலை மடக்கக் கூடாது, தொடையில் ரத்தம் கசியாமல் இருக்க ஒரு பொட்டலம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஜன்னலில் மத்தியான வெயில். ஆவுடைத்தாய் மூக்கு வைத்த கப்பில் கஞ்சி ஊற்றி என் வாயில் வைக்கிறாள், நான் வாயைத் திறக்கவில்லை. சட்டையில் ஊற்றிவிடுமே என்றாள். ஊற்றட்டும். மைக்கில் சொன்னியே, அது நெசமா என்று கேட்டேன். "வரவழைக்கணும்னாக, சொன்னேன்." அப்போ நெசமில்லை? "நெசம்னு நெனச்சிருந்தா முப்பத்தொரு வருசம் உங்களுக்குச் சோறு போட்டிருப்பனா? வாயத் திறங்க." திறந்தேன். கஞ்சி இறங்கியது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆயுள் முழுக்கக் கதையை எங்கே நிறுத்துவதென்று தெரிந்தவன், அங்கே நிறுத்தியிருந்தால் இன்றைக்கு என்னைவிடச் சுகமாகப் படுத்திருப்பவன் இந்த வார்டில் இருக்க மாட்டான். ஆனால் வயிற்றில் கஞ்சியும் காதில் அந்தச் சொல்லும் இறங்கினதும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது, இவளுக்கு உண்மையை முழுசாகக் கொடுத்துவிடுவோம், பாக்கி வைக்காமல் கொடுத்துவிடுவோம் என்று தோன்றிவிட்டது. ஏ ஆவுடை, நான் போன் பண்ணலை, ஆனா கம்பத்தடியிலயும் நிக்கலை என்றேன். ஆமாம். உங்களுக்கும்தான் சொல்கிறேன். நிற்கவில்லை. காற்றில் தொண்டை வறண்டது, நீ போய் டீ குடிச்சிட்டு வாண்ணே என்றான் மிக்கேல், முந்நூறு கஜத்தில் கடை, போனேன், போன இடத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், மலைப்பாம்பை எடுத்துவிட்டேன். பாம்பு இரண்டாவது கம்பிக்கு வாலைப் போடுகிற இடம், எல்லாரும் கிளாசைக் கையில் பிடித்தபடி குடிக்க மறந்து கேட்கிற இடம், அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. விசாரணையில் இதை எப்படிச் சொல்வது. கீழே நிற்க வேண்டியவன் கதை சொல்லிக்கொண்டிருந்தான் என்றா. அதனால்தான் கம்பத்தடி என்றேன். நான் போன் செய்யாதது சத்தியமான உண்மை, அதற்கு முட்டுக் கொடுக்க ஒரு சின்னப் பொய், அவ்வளவுதான். எவனும் செய்வான்.

"தெரியும்" என்றாள். என்ன தெரியும்? "டீக்கடையில இருந்தது. அந்த வாரமே கடைக்காரி எங்கிட்டச் சொல்லிட்டா." பின்ன ஏன்டி கேக்கல? "கேட்டா கம்பத்தடிம்பீக." கப்பைத் துணியால் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், "அந்தப் பருத்திக்காட்டுப் பக்கத்துலயே அந்தக் கடையிலதான போன் இருந்துச்சு, எஸ்.டி.டி.ன்னு மஞ்சப் போர்டு போட்டு" என்றாள். நான் தொடலை. "தொட்டீகன்னு நான் சொல்லலயே." என் முதுகுதான் போனைப் பார்த்து இருந்தது, கேட்டுப்பார், அங்க இருந்தவங்களை. "யாரு இருக்கா கேக்க?" யாரும் இல்லை. கடைக்காரி செத்து, கடைக்காரன் செத்து, கடை இருந்த இடத்தில் நாலு வழிச் சாலை. லிங்கத்துரையும் போய்விட்டான், கடைசிவரை நல்லவன் என்று பேர் வாங்கிக்கொண்டு. அப்போ நீ எதை வச்சு என்னை நம்புனே என்று கேட்டேன், இல்லை, கத்தினேன், பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் உங்க நெஞ்சுல கைய வச்சுப் பாத்திருக்கேன். உரல்ல இடிக்கிற மாதிரி இடிக்கும். வாய் என்ன வேணாலும் சொல்லும், நெஞ்சு அப்படி இடிக்குமா, செய்யாததச் செஞ்சதா அடுத்தவங்க சொன்னாத்தான் ஒரு மனுசனுக்கு அப்படி இடிக்கும்னு நெனச்சேன். அத வச்சுத்தான்." பிறகு கையை எடுத்து என் நெஞ்சின் மேல், ஒட்டியிருந்த வயர்களுக்கு நடுவில், இடம் பார்த்து வைத்தாள். "இப்பச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். நான் போன் பண்ணலை ஆவுடை. அந்தக் கை காத்திருந்தது. நான் பண்ணலை. என் உடம்பில் இருக்கிற ஆத்திரத்தையெல்லாம் கூட்டி அந்தக் கைக்குக் கீழே தள்ளினேன், லிங்கத்துரையை நினைத்தேன், பேனா மூடியை நினைத்தேன், மிக்கேல் இடது கையால் சட்டைப் பொத்தான் போடுவதை நினைத்தேன், இடி, இடி, இப்போதாவது ஒரு தடவை இடித்துத் தொலை என்று உள்ளே கெஞ்சினேன். அது ரிப்பேர் முடிந்த கடிகாரம் மாதிரி அழகாக அடித்தது. எவ்வளவு நேரம் வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. பிறகு கையை எடுத்தாள், போர்வையை இழுத்து என் கழுத்து வரை மூடினாள். "சரி. கால மடக்காதீக" என்றாள். ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போயிருக்கிறாள்.

அவள் திரும்பி வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். லிங்கத்துரை இரண்டு பலகையையும் கழற்றினான். வந்தது ஒரு போன்தான், மரம் வெட்டின கேங்கிலிருந்து. இதை நீங்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், பஸ்ஸில் சொல்லுங்கள், ரேஷன் கடையில் சொல்லுங்கள், சுற்றிச் சுற்றி எப்படியாவது ஆவுடைத்தாய் காதுக்கு வந்து சேருகிற மாதிரி சொல்லுங்கள், வேறு எவனோ ஒருத்தன் சொன்ன மாதிரி வர வேண்டும், தாராளமாக உங்கள் பங்குக்கு ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. யார் சொன்னது என்று கேட்பார்கள். கேட்டால் யாரோ சொன்னார்கள் என்று மட்டும் சொல்லுங்கள், உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொள்கிறேன், குருவையா சொன்னான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் பேரைச் சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.